அச்சுக்கு வைத்த சீல்

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் ஊரில் ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவன். அதனாலோ என்னவோ, இந்த ஜேர்மனி நாட்டுச் சரித்திரத்தில் எனக்குப் பிடித்தவரும் ஒரு பத்திரிகைக்காரர்தான். யோகான் கெயோர்க் ஆகுஸ்ட் விர்த் எண்டு பெயர். 1798 இல் பிறந்தவர், சட்டம் படித்தவர்.

1831 இல் முன்சன் நகரில் 'டொய்ச்ச ட்ரிபூன' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தணிக்கையோடு மல்லுக்கட்டி ஏலாமல், 1832 தொடக்கத்தில் ஹோம்பேர்க் என்ற சின்னப் பட்டினத்துக்கு வந்து பத்திரிகையை நடத்தினார். அதுவும் பவேரிய அரசின் கீழ்தான். ஆனால் பிரான்ஸ் ஆண்ட காலத்துச் சட்டங்கள் அங்கே மிஞ்சியிருந்தன. ஜூரி விசாரணையும் இருந்தது. பத்திரிகைகளைக் காப்பாற்ற ஒரு சங்கமும் அமைத்தார்கள். ஆயிரக்கணக்கான சனம் காசு சேர்த்துக் கொடுத்தது.

அரசு விட்டதோ? அச்சுக்குச் சீல் வைத்தது. மார்ச்சில் பத்திரிகைக்கே தடை. அவருடைய தோழர் சீபென்பைபரின் அச்சகத்துக்கும் சீல் விழுந்தது. அச்சுக்குச் சீல் வைப்பது பாண் போறணைக்குச் சீல் வைப்பது போன்ற அநியாயம் என்று அவர் வாதாடினார். எவ்வளவு சரியான பேச்சு! இரண்டும் சனத்தின் பசி தீர்க்கிறதுதானே.

அந்த மே 27 இல் ஹம்பாக் கோட்டையில் இருபதாயிரத்துக்கு மேல் சனம் திரண்டது. விர்த் அங்கே பேசினார். பிடித்து வழக்குப் போட்டார்கள். 1833 இல் லண்டாவ் நகரில் ஜூரிமார் குற்றமில்லை என்றார்கள். பிறகு ஜூரி இல்லாத இன்னொரு நீதிமன்றம், அதிகாரிகளை அவமதித்தார் என்று இரண்டு வருடம் மறியல் கொடுத்தது.

1836 இல் அவர் எல்லை கடந்து பிரான்சுக்குப் போனார். எங்களைப் போல அகதி. பிறகு சுவிஸ் எல்லையில் இருந்து, 1839 இல் திரும்பவும் ஒரு ஜேர்மன் பத்திரிகை தொடங்கினார்! 1848 இல் பிராங்பேர்ட் தேசிய சபைக்குத் தெரிவாகி, அந்த யூலையிலேயே கண் மூடினார்.

போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "இந்த மலர் இனித் தேவையோ? பிள்ளையள் வாசிக்கிறேல்லை, காசும் மிச்சம்."

நியாயமான கேள்விதான். ஆனால் எங்கட மலருக்கு இங்கே ஆரும் சீல் வைக்கேல்லை. நாங்களே எழுதாமல் விட்டால், அது நாங்கள் வைக்கிற சீல். அடுத்த வருடம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை ஒரு பக்கம் எழுதித் தரட்டும். பிழை இருந்தால் பரவாயில்லை, எழுத்துக் கோர்த்த கை திருத்தித் தரும்.