பெயின்டுக்கு முன்னால் வரும் வேலை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர்கள் சார்பாகப் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டாங்க: "ஏனுங்க, கார் பம்பர் வேலை எடுத்த குழுவுக்குப் பணம் நட்டமாமே, நெசமாங்க?"

நெசந்தானுங்க. மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் தப்பில் பாதி எங்களுடையது. அதனால்தான் இன்றைக்கு அதையே பேச வந்திருக்கிறோம்.

கோயமுத்தூரைச் சுற்றி எத்தனை கார் ஒர்க்ஷாப் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அம்பாசிடர் காலத்தில் பம்பர் என்றால் இரும்பு. இப்போது ஓடும் கார்களில் பம்பர், கண்ணாடி மூடி, முன்பக்க கிரில் எல்லாமே பிளாஸ்டிக். கீறல் விழுந்தால் கழற்றி, தேய்த்து, மறுபடி பெயின்ட் அடிப்பார்கள். அடிப்பதற்கு கம்ப்ரஸர் வேண்டும், கன் வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கழுவுவது, துடைப்பது, தேய்ப்பது எல்லாம் கைவேலை. அந்த வேலையைத்தான் சூலூர் பக்கம் ஒரு குழு எடுத்தது.

முதல் தடவை 12 பம்பர் வந்தது. நான்கு நாளில் தேய்த்துக் கொடுத்தார்கள். பெயின்ட் அடித்த பிறகு 5 திரும்பி வந்தது. சிலதில் மேலே சின்னச் சின்னக் குழி, மீன் கண் மாதிரி. சிலதில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதும் ஓரத்தில் தோல் உரிகிற மாதிரி பெயின்ட் உரிந்தது. கூலியில் பிடித்துக்கொண்டார்கள். அந்த மாதத் தவணையை சேமிப்பில் இருந்து எடுத்துக் கட்ட வேண்டியதாயிற்று. ஒரு அம்மா, "நாங்க ஒழுங்காத்தானுங்களே தேச்சோம்" என்று அழுதது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது.

தேய்த்தது சரிதான். தேய்ப்பதற்கு முன் செய்யவேண்டியதை நாங்கள் சொல்லித்தரவில்லை. ஒரே நாள் பார்த்துவிட்டு, தேய்ப்பதுதான் வேலை என்று நாங்களே நினைத்துவிட்டோம். பிறகு பழுத்த பெயின்டர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து, முதலில் இருந்து கற்றுக்கொண்டோம். அதைச் சொல்கிறோம், கேளுங்க.

முதலில், இது என்ன பிளாஸ்டிக் என்று பார்க்க வேண்டும். பம்பரைத் திருப்பினால் உள்பக்கம் இரண்டு அம்புக்குறிக்கு நடுவே எழுத்து இருக்கும். பெரும்பாலும் பி.பி. என்று தொடங்கும். அது பாலிப்ரோப்பிலீன். உரச் சாக்கும், நாம் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியும் பெரும்பாலும் அதில்தான் செய்கிறார்கள். நாற்காலிக்கு பெயின்ட் அடித்துப் பாருங்கள், நகத்தால் சுரண்டினால் வந்துவிடும். எதையும் ஒட்டவிடாத குணம் அதற்கு. அதனால் வெறும் பிளாஸ்டிக் தெரிகிற இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக் பிரைமர் என்று தனியாக ஒன்று மெல்லிசாக அடித்தே ஆகவேண்டும். ஏ.பி.எஸ். என்று எழுதியிருந்தால் வேறு வகை. அதில் கண்ட தின்னரையும் ஊற்றித் துடைத்தால் பிளாஸ்டிக்கே இளகிவிடும்.

இரண்டாவது, கழுவுவது. சோப்புத் தண்ணீர் போட்டு உள்பக்கம், மடிப்பு, ஸ்க்ரூ ஓட்டை எல்லாம் கழுவ வேண்டும். பின்னால் ஒட்டியிருக்கும் சேறு, தேய்க்கும்போது முன்னால் வந்து கீறும்.

மூன்றாவதுதான் நாங்கள் விட்ட இடம். தேய்ப்பதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். காருக்குப் போடும் பாலிஷில் மெழுகும் சிலிக்கோனும் இருக்கும். சோப்புக்கு அது போகாது. அதை எடுக்காமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு கீறலுக்குள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். இதற்கென்று கிளீனர் விற்கிறது. ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் இன்னொரு காய்ந்த துணியால் எடுத்துவிட வேண்டும். திருப்பூர் பனியன் வேஸ்ட்டில் வெள்ளைத் துணியாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். சாயத்துணி என்றால் கிளீனர் பட்டதும் சாயம் இறங்கும்.

இன்னொரு எண்ணெயும் இருந்தது. சிரிக்காதீங்க. நம் தலையில் இருக்கும் தேங்காய் எண்ணெய்! முடியை ஒதுக்கிவிட்டு அதே கையால் பம்பரைத் தொட்டோம். அந்தக் கைத்தடம் இருந்த இடமும் மீன் கண்ணாக வந்தது. இப்போது குழுவில் எல்லோரும் தலையில் துணி கட்டி, நைட்ரைல் கையுறை போட்டுத்தான் உட்காருகிறார்கள்.

நான்காவது, தேய்ப்பது. வாட்டர் பேப்பரில் நம்பர் கூடக் கூட நைசு. பழைய பெயின்டின் ஓரத்தை 400-ல் சமன் செய்து, பிறகு 600, கடைசியில் 800. வெறும் பிளாஸ்டிக்கில் கரடான தாள் போட்டால் பஞ்சு மாதிரி நார் எழும்பும், அப்புறம் அடங்காது. மூலை முடுக்கில் சாம்பல் நிறப் பேடு போடுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் எங்கேயும் பளபளப்பு இருக்கக் கூடாது. பளபளக்கிற இடம் எல்லாம் நாளைக்கு உரிகிற இடம். பள்ளம் இருந்தால் வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பட்டிதான் வைக்க வேண்டும். தகரத்துக்கு வைக்கும் பட்டி, பம்பர் வளைந்ததும் வெடித்துவிடும்.

ஐந்தாவது, கடைசிக் கழுவல். இங்கே போர் தண்ணி எப்படி என்று நம் பாத்திரத்தைப் பார்த்தாலே தெரியும், வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். அந்த உப்பு பெயின்டுக்கு அடியில் தங்கினால் பிறகு கொப்புளம் வரும். கடைசியாக ஒரு வாளி மட்டும் சிறுவாணியோ பில்லூரோ, குழாயில் வரும் நல்ல தண்ணியில் கழுவுங்கள். அப்போதே சோதனையும் செய்யலாம். தண்ணீர் படலமாகப் பரவி நின்றால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் பிசுக்கு இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். பிறகு நிழலில் முழுசாகக் காயவிட்டு, இன்னொரு தடவை கிளீனர் போட்டுத் துடைத்துக் கொடுங்கள்.

இனி உடம்பைப் பற்றி. நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், தூசி பறக்காது. தின்னரும் கிளீனரும் நெருப்புப் பிடிக்கும்; அடுப்பு, சாமி விளக்கு இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. நனைந்த துணியை மூடி போட்ட தகர டப்பாவில் போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் கிளீனர், தின்னர் பக்கமே உட்கார வேண்டாம்.

"கன் வாங்கி நாமளே அடிச்சா கூலி கூட வருமுங்களே" என்று சிலர் கேட்கிறீர்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம். மேல்பூச்சில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அந்தப் புகை மூச்சில் போனால் ஆஸ்துமா வரும். ஒரு தடவை உடம்புக்கு ஆகாமல் போனால், பிறகு துளி பட்டாலும் இழுப்பு வரும். முகத்தில் துணி கட்டினால் அது நிற்காது. தனிக் காற்றுக் குழாயோடு முகமூடி இருக்கும் இடத்தில், பயிற்சி எடுத்தவர்கள் செய்யும் வேலை அது.

கடைசியாகக் கணக்கு. தீர்மான நோட்டு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. ஒவ்வொரு பம்பருக்கும் ஒரு வரி: வந்த தேதி, உள்ளே இருக்கும் எழுத்து, யார் துடைத்தது, யார் தேய்த்தது, தண்ணீர் சோதனை பார்த்தாச்சா. பீஸுக்கு என்ன கூலி, திரும்பி வந்தால் யார் பொறுப்பு, கிளீனரும் கையுறையும் யார் செலவு என்பதை வேலை எடுப்பதற்கு முன்பே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

அந்தக் குழு வேலையை விட்டுவிடவில்லை. திரும்பி வந்த 5 பம்பரையும் கூலி வாங்காமல் முதலில் இருந்து செய்து கொடுத்தார்கள். எதுவும் உரியவில்லை. அன்றைக்கு அழுத அந்த அம்மாதான் இப்போது தண்ணீர் சோதனை பார்ப்பது. அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பம்பரும் வெளியே போகாது.

வாசலைக் கூட்டித் தெளிக்காமல் யாராவது கோலம் போடுவோமா? பார்க்கிறவர்கள் கோலத்தைத்தான் சொல்வார்கள். அடியில் இருக்கும் வேலை நமக்குத் தெரியும். அதற்கு உண்டான கூலியையும் நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்துக்கு உடைந்த பம்பர் ஒன்று கொண்டு வருகிறோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள்தான் படித்துச் சொல்லணும். தலையில் கட்டத் துணியோடு வாங்க!