வாய்க்கால் இறக்கத்தில் மின்சாரம்: அளந்த பிறகே கடன்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டைன்னு நாலு கதவணை இருக்கு. ஒவ்வொண்ணிலும் 30 மெகாவாட் மின் நிலையம். அங்கே தண்ணி பெரிய உயரத்திலிருந்து விழறதில்லை. ஆறே ஓடி வர்றதால சின்ன இறக்கமும் போதுது. ஒரே தண்ணி நாலு இடத்திலும் மின்சாரம் தந்துட்டு, பாசனத்துக்கும் போகுது.

இதைச் சொல்லித்தான் ஒரு விற்பனையாளர் எங்க குழுவுக்கு வந்தார். "உங்க வாய்க்கால் இறக்கத்துல மிஷின் வெச்சா 5,000 வாட் வரும், மசாலா மில் கரண்ட் பில் இல்லாம ஓடும், கடன் மட்டும் வாங்குங்க"ன்னார். கையெழுத்துப் போடும் முன்னே நாங்க வாய்க்காலை அளந்தோம்.

அகலம் 6 அடி, ஆழம் ஒன்றரை அடி, இறக்கம் 3 அடி. ஒரு நெத்துத் தேங்காயை மிதக்க விட்டோம். 30 அடி போக 20 விநாடி ஆச்சு. விநாடிக்கு ஒன்றரை அடி. அடித்தண்ணி மெதுவா ஓடும்கிறதால ஐந்தில் ஒரு பங்கு கழிச்சு 1.2 அடின்னு வெச்சோம். அகலம், ஆழம், வேகம் மூணையும் பெருக்கினா விநாடிக்குச் சுமார் 11 கன அடி தண்ணி.

ஒரு கன அடி தண்ணி ஓர் அடி இறங்கினா சுமார் 85 வாட். சின்ன மிஷின்ல பாதி வீணாகும். 40 வாட்டுன்னு வெச்சுக்கலாம். 11 கன அடி, 3 அடி இறக்கம்: சுமார் 1,300 வாட்தான். எங்க மில் மோட்டார் 3 குதிரைத்திறன். அதுக்கு 2,200 வாட்டுக்கு மேல வேணும். அதுவும் வாய்க்கால்ல தண்ணி விடற மாசம் மட்டும்தான். தவணையோ மாசா மாசம் கட்டணும். அதனால கடன் வேண்டாம்னு தீர்மானம் போட்டோம்.

இந்த மின்சாரம் பொய்யில்லைங்க. வருசம் முழுக்க நிறையத் தண்ணி ஓடற இடத்துல நல்லாவே உதவும். அதனால கூட்டமைப்புக்கு என் கோரிக்கை இதுதான்: இப்படிக் கடன் கேட்கும் குழு, தண்ணி நிறைய ஓடும்போது ஒரு தடவை, குறைஞ்சபோது ஒரு தடவை அளக்கணும். நீர்வளத் துறை அனுமதியையும் கேட்கணும். அளந்த கணக்கைத் தீர்மானப் புத்தகத்துல எழுதின பிறகே கடன் பரிந்துரை செய்யணும். நம்ம சேமிப்புப் பணம், அக்கா.