பாம்புக் கடிக்கு மந்திரமா? மருந்தா?

(கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிராமக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



இன்று நான் மோட்சத்தைப்பற்றியோ நரகத்தைப்பற்றியோ பேச வரவில்லை. உங்கள் வயலிலும், திராட்சைத் தோட்டத்திலும், வைக்கோற்படப்பிலும் இருக்கின்ற பாம்பைப்பற்றிப் பேசவே வந்திருக்கிறேன். இதென்ன பெரிய விஷயம் என்று சிலர் நினைக்கலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 முடிய 20 வருஷங்களில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டு 2020-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அதாவது வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் யார்? மெத்தையில் படுக்கிறவனா? பூட்ஸ் போட்டுக் காரில் போகிறவனா? இல்லை. வெறுங்காலோடு வரப்பில் நடக்கிறவனும், இராத்திரியில் மடை திறக்கப் போகிறவனும், மண் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவனுமேயாவார்கள்.

இந்த நாட்டில் ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைத் தங்கள் தெருவில் செருப்புப் போட்டு நடக்கக் கூடாதென்று தடுத்து வைத்திருந்தார்கள். அது மானத்துக்குக் கேடு என்பது உங்களுக்குத் தெரியும். அது உயிருக்கும் கேடு என்பதை இன்று சேர்த்துச் சொல்லுகிறேன். வயலில் விரியன் கடிப்பது பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான். ஆகவே காலை மூடிய செருப்பு என்பது ஆடம்பரமல்ல. மண்வெட்டியைப்போல அதுவும் ஒரு வேலைச் சாமானே. கூலி கேட்கும்போது அதையும் கேளுங்கள்.

“எங்கள் ஊர் மந்திரவாதி வேப்பிலை அடித்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே!” என்று கேட்பீர்கள். பிழைத்தார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எதனால் பிழைத்தார்கள்? சாரைக்கும் தண்ணீர்ப் பாம்புக்கும் மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. நம் பக்கத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கே. இந்த நான்கும்கூடச் சில சமயங்களில் விஷத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போய்விடும். இப்படிக் கடிபட்டவன் மந்திரித்தாலும் பிழைப்பான், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பான். ஆனால் பிழைத்தால் மந்திரத்தின் மகிமை, செத்தால் அவன் விதி! இப்படிப்பட்ட வியாபாரத்தில் நஷ்டம் எப்படி வரும்?

சிறியாநங்கை இலையை மெல்லச் சொல்லி, கசந்தால் விஷமில்லை, இனித்தால் விஷம் என்கிறார்கள். நாக்கை நம்பி இப்படி உயிரைத் தீர்மானிப்பதா? ஆஸ்பத்திரியிலும் ஒரு சோதனை இருக்கிறது. கொஞ்சம் இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லையென்றால் விரியன் விஷம் ஏறியிருக்கிறதென்று தெரிந்துகொள்வார்கள். யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியது அது.

கட்டுவிரியன் சங்கதி இன்னும் மோசம். அது இராத்திரியில் தரையில் தூங்குகிறவனைக் கடிக்கும். வலி அதிகம் தெரியாது. பல் பட்ட தடமும் பல சமயங்களில் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி வரும், கண் இமை சரியும், பேச்சு குழறும். வீட்டார் பேய் பிடித்துவிட்டதென்று உடுக்கை அடிக்கிறவனைக் கூப்பிடுவார்கள். அதற்குள் மூச்சு நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் மருந்தோடு யந்திரத்தின் மூலம் மூச்சுக் கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கலாம்.

அந்த மருந்து எங்கிருந்து வருகிறது? குதிரைக்குப் பாம்பு விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றினால், அதன் இரத்தத்தில் விஷத்தை முறிக்கும் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்ததே விஷமுறிவு ஊசி மருந்து. அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியிலுள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. அது 1978-ல் ஏற்பட்டது. அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். எந்த மந்திரமும் ஓதாத காட்டுவாசிகளின் கைவேலை எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது பாருங்கள்!

இனி, கடித்துவிட்டால் செய்யவேண்டியது என்ன? கடிபட்டவருக்குத் தைரியம் சொல்லுங்கள். ஓடவோ நடக்கவோ விடாதீர்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். வீங்கினபின் கழற்ற முடியாது. எலும்பு முறிந்தால் செய்வதுபோல ஒரு பட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, அந்த அங்கத்தை அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். இரத்த ஓட்டம் நின்று சதை அழுகிப் போகும். முன்னமே யாராவது கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காமல், டாக்டர் முன்னிலையில் அவிழ்க்க விடுங்கள். கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, விஷக்கல் ஒட்டுவது, சாராயம் கொடுப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிக்கப் போய் இன்னொருவரும் கடிபட வேண்டாம். 108-க்குச் சொல்லுங்கள். வண்டி வரத் தாமதமானால், மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவில் உட்காரவைத்தாவது கொண்டுபோங்கள். கம்பம், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் ஆகிய இடங்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, க.விலக்கில் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். அங்குள்ள குழிவிரியன்களுக்கென்று இந்த ஊசி மருந்து தயாரிக்கப்படவில்லை. அதனால் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பயனில்லை என்று அர்த்தமல்ல. சிறுநீரகம் கெட்டாலும் இரத்தத்தைச் சுத்தம் செய்து காப்பாற்ற அங்கேதான் வழியிருக்கிறது.

கடிபடாமல் இருப்பது இன்னும் சுலபம். இராத்திரியில் டார்ச் விளக்கும் தடியும் இல்லாமல் வெளியே போகாதீர்கள். வைக்கோல், விறகு, வாழைச் சருகு இவற்றில் தடியால் தட்டிப் பார்க்காமல் கையை விடாதீர்கள். கட்டிலில் படுங்கள், தரையில்தான் படுக்கவேண்டுமென்றால் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள். வீட்டில் எலி சேராமல் பாருங்கள். எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். புற்றுக்குப் பால் ஊற்றுகிற காசில் ஒரு கொசுவலை வாங்கலாம். பாம்பின் உணவு பால் அல்ல. ஆனால் உங்கள் குழந்தை பால் குடிக்கும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசாங்கம் பாம்புக் கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கணக்கில் வருவான். மந்திரவாதி வீட்டுத் திண்ணையில் சாகிறவன் எந்தக் கணக்கில் வருவான்? கணக்கில் வராத ஊருக்கு மருந்து கேட்பது எப்படி?

தோழர்களே! இந்தப் பள்ளத்தாக்குக்குப் பெரியாற்றுத் தண்ணீர் எப்படி வந்தது? யாகத்தாலா வந்தது? அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் மனிதன் கொண்டுவந்தான். மேற்கே ஓடின ஆற்றைக் கிழக்கே திருப்பின அதே புத்திதான் பாம்பு விஷத்துக்கும் மருந்து கண்டுபிடித்தது. அந்தத் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கடிபட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மந்திரவாதி வீட்டுக்கு ஓடுவது ஞாயமா? இனி இந்த ஊரில் யாருக்குக் கடித்தாலும், ஜாதி பாராமல் முதலில் பார்த்தவர் வண்டி ஏற்பாடு செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று இன்றைக்கே முடிவு செய்துகொள்ளும்படி கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.