பரணில் ஒரு டப்பா



2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை பெய்தது. மித்தி ஆறு பெருகியது. கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது.

நம் வீடும் ஒரே அறைதான். தரையில் இருக்கும் அரிசி நனைந்துவிடும். அடுப்பும் எரியாது. பிள்ளை பசியில் அழுதால் என்ன கொடுப்போம்?

இறுக்கமான மூடி உள்ள டப்பா ஒன்று போதும். அவல், பொட்டுக்கடலை, வெல்லம் வையுங்கள். இவற்றைச் சமைக்க வேண்டாம். மூன்று நாளுக்குப் போதுமான அளவு வேண்டும். ஒரே நாளில் வாங்க முடியாதா? வாரம் கால் கிலோ சேருங்கள். ஜூன் மழைக்கு முன் நிரம்பிவிடும்.

டப்பாவைப் பரணில் வையுங்கள். மழை வலுத்தால், கேனில் குடிநீர் பிடித்து அதையும் மேலே ஏற்றுங்கள்.

டப்பாமேல் தேதி எழுதுங்கள். மாதம் ஒருமுறை பழையதைத் தின்று, புதியதை நிரப்புங்கள். தேதி எழுதத்தான் இப்போது நமக்குத் தெரியுமே!