இதய வால்வும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே முறை. நாமும் அவ்வாறு பேச எண்ணியே குறிப்பெடுக்க அமர்ந்தோம். ஆயின், பழைய வருகைப் பதிவேடொன்றைப் புரட்டியபோது, ஒரு மாணவியின் பெயருக்கு நேரே பக்கம் பக்கமாக நின்ற விடுப்புக் குறிகள் கண்ணிற் பட்டன. அவற்றின் பின்னே உள்ள செய்தியைச் சொல்வதே இன்றைய கடமை என்று தோன்றிற்று.

அம்மாணவியின் பெயர் வேண்டா. பெற்றோர் இருவரும் விவசாயக் கூலிகள். ஏழாம் வகுப்பில் அவளுக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் கண்டன. முழங்காலில் வீக்கம், இரண்டு நாளில் அது வடிந்து முழங்கையில் வீக்கம். வளரும் பிள்ளைக்கு வரும் வலி என்று எண்ணெய் தேய்த்தார்கள். வலி நீங்கிற்று, எல்லாரும் மறந்தோம். ஒன்பதாம் வகுப்பில் அவள் காலை வணக்கக் கூட்டத்திற்கு என்றும் கடைசியாக வந்தாள். விளையாட்டு வேளையில் மரத்தடியில் அமர்ந்துகொண்டாள். ஆசிரியர்களாகிய நாம் அதனைச் சோம்பல் என்றே கருதினோம்; கண்டிக்கவும் செய்தோம். ஒருநாள் மாடிப்படியில் மூச்சுத் திணறிச் சுவரைப் பற்றி நின்றவளைக் கண்ட பின்னரே, நாம் கண்டித்தது சோம்பலை அன்று, நோயை என்று உணர்ந்தோம். அக்குற்றத்தை இந்த அவையில் ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அந்நோய் எவ்வாறு வருகிறது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டையில் புண் உண்டாகிறது. அதைக் கவனியாது விட்டால், சில பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று வாரங்கள் கழித்து ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது. கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய ஆற்றலே திசை தவறி மூட்டுகளையும் இதயத்தையும் தாக்குகிறது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கே இது வருகிறது. மூட்டுவலி தடம் தெரியாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்போ நிலைத்துவிடும்.

வால்வு என்பது யாது? ஆற்றுப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அதை விளக்குதல் எளிது. அது இதயத்தின் மதகு. இரத்தத்தை முன்னே விடும்; பின்னே திரும்ப விடாது. பலகை இறுகிப்போன மதகில் மேல்மடையில் நீர் தேங்குவதைப்போல, வால்வு சுருங்கினால் நுரையீரலில் இரத்தம் தேங்குகிறது. அதனால் மூச்சிரைக்கிறது. ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை திறந்து மூடவேண்டிய மதகு அது. இறுகிய வால்வைச் சிலருக்குப் பலூன் கொண்டு விரித்துவிடலாம். மிகவும் கெட்டுப்போனதை மாற்றியே ஆகவேண்டும்.

இந்நோய் ஏழை வீட்டை ஏன் தேடி வருகிறது? அக்கிருமி நெருக்கத்தில் பரவுவது. ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒட்டுகிறது. மேலை நாடுகளில் பெனிசிலின் மருந்து வருவதற்கு முன்பே, வீடுகள் விசாலமாகி வாழ்க்கை உயர உயர இந்நோய் குறையத் தொடங்கியது.

நம் வட்டாரத்தில் வீட்டின் வரலாறு என்ன? பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 உயிர்கள் ஒரே குடிசைக்குள் கருகின. விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவனுக்கே உரியதென 1971-ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் கூறும்வரை, மிராசுதார் வெளியேறச் சொன்னால் வெளியேற வேண்டிய நிலையே இருந்தது. சொந்தமல்லாத மனையில் எவர் விசாலமாக வீடு கட்டுவர்? ஆகவே, நம் பிள்ளைகளின் இதயத்தில் விழும் தழும்புக்கு மருத்துவக் காரணம் ஒன்று. நிலவுடைமை எழுதிய காரணம் மற்றொன்று.

இனி மருத்துவம் கடந்துவந்த வழியைப் பார்ப்போம். அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார் என்னும் மருத்துவரும் லோவெல் எட்வர்ட்ஸ் என்னும் பொறியாளரும் உருவாக்கிய செயற்கை வால்வு 1960-இல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டது. நெடுங்காலம் இந்தியா வால்வுகளை இறக்குமதி செய்தது. அவற்றின் விலை கூலிக்காரர் கனவிலும் எட்டாதது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் ஒரு குழு, நம் நாட்டிலேயே வால்வு செய்ய முனைந்தது. முதல் மூன்று மாதிரிகள் சோதனையில் தோற்றன. நான்காவது வென்றது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வினும் மிகக் குறைந்த விலையில் கிடைத்த அந்தச் சித்ரா வால்வு, இதுவரை ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்குப் பொருத்தப்பட்டுள்ளது. மூன்று முறை தோற்றும் முயற்சியைக் கைவிடாத அவர்களை, தேர்வில் ஒருமுறை தவறியதும் படிப்பை நிறுத்தும் நம் இளைஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வால்வு மலிந்தாலும் அறுவைச் செலவு மலியவில்லை. தமிழ்நாட்டில் 2009-இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டமும், அதன் தொடர்ச்சியாக 2012-இல் நடைமுறைக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் அத்தடையை நீக்கின. நம் மாணவிக்கும் அவ்வாறே சென்னையில் வால்வு மாற்றப்பட்டது. அறுவைக்கென ஒரு காசும் கேட்கப்படவில்லை. இதனை நன்றியோடு சொல்லுதல் வேண்டும்.

அப்படியாயின் ஏற்றத்தாழ்வு ஒழிந்ததா? அவள் தந்தையாரிடம் கேட்டோம். அவர் சொன்ன விடையை அவர் மொழியிலேயே கூறுகிறோம்: "ஆபரேசனுக்குக் காசு ஆவல சார். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்தான் காசு ஆச்சு."

இந்த ஒரு சொல்லில் எல்லாம் அடங்கிற்று. முன்னே என்றால், தொண்டைப்புண்ணுக்கு மருத்துவரிடம் செல்லாத நாள். வருமானச் சான்றுக்கு அலைந்த நாள். சென்னைக்கு மூவர் சென்றுவந்த கட்டணம். பின்னே என்றால், வாழ்நாள் முழுதும் மாத்திரை. உலோக வால்வில் இரத்தம் உறையாதிருக்க நாள்தோறும் மருந்துண்ண வேண்டும். அளவு கூடினால் இரத்தக் கசிவு. குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி, பக்கவாதம். ஆகவே ஐ.என்.ஆர். என்னும் இரத்தச் சோதனையைத் தவறாது செய்துகொள்ளல் வேண்டும். சோதனைக்குச் செல்லும் நாளில் தாய்க்குக் கூலி இல்லை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பேருதவிதான். எனினும் இழந்த நடவுக்கூலியை எந்தப் பேருந்தும் திருப்பித் தராது.

ஒரு சம்பா நடவுக் காலத்தில் அவளுடைய மாத்திரை தீர்ந்து பன்னிரண்டு நாள் நின்றுவிட்டது. வேலை முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டனர். சிலருக்கு அப்பன்னிரண்டு நாளே போதும், உயிரைப் பறிக்க. அவள் தப்பினாள். அதனை நாம் காத்த உயிர் என்று சொல்ல இயலாது.

வாழ்வின் பிற நாள்களும் அவளுக்கு எளியன அல்ல. அவ்வகை மாத்திரை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். ஆதலால் கருவுறுமுன்பே மருத்துவரைக் கலந்தாக வேண்டும். விலங்குத் திசுவாலான வால்வுக்கு அம்மாத்திரை பெரும்பாலும் நெடுநாள் வேண்டுவதில்லை. ஆயின் இளவயதினர்க்கு அது விரைவில் தேய்ந்து மறு அறுவை வேண்டியதாகும். இவற்றையெல்லாம் மணம் பேசும் நாளில் மறைத்தல் கூடாது.

செலவு மிகுந்த இந்நோயை மலிவாகத் தடுக்க வழியுண்டு என்பதே நம் நெஞ்சை உறுத்துவது. தொண்டைப்புண் கண்ட ஒன்பது நாள்களுக்குள் பெனிசிலின் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம். காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்ட பிள்ளைக்கு மூன்று வாரத்திற்கொருமுறை பென்சத்தீன் பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தொடர்ந்து போட வேண்டும். அது மீண்டும் வாராமல் காக்கும். வால்வு மாற்றிய பின்னும் அதனை நிறுத்தலாகாது. அது விலை குறைந்த மருந்து. ஒவ்வாமை உண்டா என்று கவனித்து மருத்துவரே போடவேண்டியது.

செல்வ நாடுகள் இந்நோயைப் பெரிதும் மறந்துவிட்டன. 2018-இல் உலக சுகாதார மாமன்றம் இதற்கெனத் தனித்தீர்மானம் நிறைவேற்ற வேண்டியிருந்தது. தீர்மானம் ஜெனீவாவில் நிறைவேறலாம். ஊசி நம் தெருவில் அல்லவா போடப்பட வேண்டும்?

ஆகவே இவ்வெள்ளிவிழாவில் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒரு குறிப்பேடு. இருபத்தைந்து ஆண்டுகளாக ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வழங்கிவரும் சங்கம், தனக்கென ஒன்றை வைத்துக்கொள்ளட்டும். ஊசி தேவைப்படும் பிள்ளைகள், மாத்திரை உண்போர் ஆகியோரின் பெயரையும் அடுத்த தேதியையும் அதில் எழுதுக. தேதிக்கு முதல்நாள் ஓர் இளைஞர் அவ்வீட்டு வாசலுக்குச் செல்க. நோயைப் பிறரறியச் சொல்லாதிருப்பதும் அவர் கடமை.

இரண்டாவது, ஒரு சிறு நிதி. அறுவைக்கு அன்று, அதற்கு அரசின் திட்டம் உண்டு. பேருந்துக் கட்டணத்திற்கும் இழந்த ஒருநாள் கூலிக்கும் மட்டுமே.

மூன்றாவது, ஆசிரியர்களாகிய நமக்கு. இடம் மாறும் மூட்டுவலி, ஓடினால் இரைப்பு ஆகியவற்றைக் கண்டால் பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புக. இந்நோயில் சில பிள்ளைகளுக்குக் கை தானே துடித்து எழுத்துக் கோணும். கையிலுள்ள பொருள் நழுவும். அவர்களைப் பிரம்பால் திருத்த முயலாதீர்.

மருத்துவமனையில் சாதி கேட்கப்படுவதில்லை. ஆயினும் எந்த வீட்டுப் பிள்ளை அங்கே நேரத்தோடு சென்றது, எந்த வீட்டுப் பிள்ளை காலங்கடந்து சென்றது என்று எண்ணிப் பாருங்கள். அவ்வேறுபாட்டில் நம் வரலாறு இன்னும் மூச்சிரைத்துக்கொண்டிருக்கிறது.

அம்மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் பயில்கிறாள். குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவள் பெயரையும் அடுத்த சோதனைத் தேதியையும் இன்றே எழுதிவிட்டுக் கலைவோம்.