குடும்பமும் பந்தயமும் ஒரே படகில்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி ஏதாவது பேசு, ஆனா தூங்க வச்சிடாதே" என்று கண்டிஷன் போட்டுத்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்திருக்கிறார். மெக்கானிக்கல் படித்துவிட்டுக் கப்பல் கட்டும் தொழிலுக்குப் போனவன் நான். பெரிய கப்பல்களைப் பற்றிப் பேசினால் தூக்கம் நிச்சயம். ஆகவே 24 அடி நீளமுள்ள ஒரு சின்னப் பாய்மரப் படகைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் ஜே-24.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டோனிங்டன் என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ராட் ஜான்ஸ்டன் என்பவர் படகுப் பத்திரிகை ஒன்றுக்கு விளம்பரம் பிடிக்கும் வேலையில் இருந்தார். படகு டிசைனை அஞ்சல் வழியில் படித்தார், அதையும் முடிக்கவில்லை. அவர்தான் 1970-களின் நடுவில் தன் வீட்டுக் கராஜில் ஒரு படகைக் கட்டி, 'ராக்டைம்' என்று பெயர் வைத்தார். 1976-ல் குடும்பத்தாரையே ஏற்றிக்கொண்டு பந்தயங்களுக்குப் போய், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஜெயித்தார். 1977-ல் சகோதரர் பாப் ஜான்ஸ்டனோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். அந்த மாடலில் இதுவரை 5,000-க்கு மேல் கட்டியாகிவிட்டது.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். பந்தயப் படகு என்றால் எடை குறைவாக இருக்கணும், பாய் பெரிசா இருக்கணும். அப்படிச் செய்தால் படகு சாயும். வீட்டில் இருப்பவர்கள் ஏறப் பயப்படுவார்கள். பயமில்லாமல் வசதியாகக் கட்டினால் எடை கூடிவிடும், வேகம் போய்விடும். இந்த இழுபறியை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதுதான் விஷயம்.

முதலில் கீல். படகின் அடியில் துடுப்புப் போல நீருக்குள் இறங்கி நிற்கும் பாகம் அது. படகின் மொத்த எடை சுமார் 1,400 கிலோ. அதில் ஏறக்குறைய 430 கிலோ அந்தக் கீலில் இருக்கும் ஈயம். நம் தஞ்சாவூர் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் நிமிருகிறதே, அதே தத்துவம். கொஞ்சம் சாயும்போது ஒன்பது அடிக்குச் சற்றே குறைவான படகின் அகலம் தாங்கிக்கொள்கிறது. விளிம்பில் வரிசையாக உட்காரும் ஐந்து பேரின் எடையும் உதவுகிறது. இன்னும் சாய்ந்தால் ஈயம் தன் வேலையைக் காட்டும்.

கீலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈர விரல்களுக்கு நடுவே புளியங்கொட்டையை அழுத்திப் பாருங்கள். பிதுங்கி முன்னால் பாயும். பாயை ஒரு பக்கம் காற்று தள்ள, கீலை மறுபக்கம் தண்ணீர் தடுக்க, படகும் அப்படித்தான் முன்னால் பாய்கிறது. அதனால்தான் எதிர்க்காற்றிலும் குறுக்கும் நெடுக்குமாக ஏறிப் போக முடிகிறது.

அடுத்தது பாய்மரம். முன்பக்கத்துக் கம்பி மரத்தின் உச்சி வரை போகாது. கொஞ்சம் கீழேயே கட்டியிருக்கும். பின்பக்கத்துக் கம்பியோ உச்சியில் இருக்கிறது. அதை இழுத்தால் மரம் வில் மாதிரி வளையும். பெரிய பாய் தட்டையாகும். காற்றின் பிடி குறையும். திடீர்க் காற்று வந்தால் பாயை இறக்க ஓட வேண்டாம். ஒரு கயிற்றை இழுத்தால் போதும். பிள்ளைகளும் கற்றுக்கொள்ளலாம்.

வேகம்? தண்ணீரில் படியும் நீளம் 20 அடி. அந்த நீளத்துக்குப் படகு தானே எழுப்பும் அலை ஓர் எல்லை போட்டுவிடுகிறது: சுமார் 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். ஆனால் பின்காற்று பலமாக வீசி, ஸ்பின்னக்கர் என்ற பலூன் பாயையும் விரித்தால், இந்தப் படகு அலை முதுகில் ஏறி எல்லையைத் தாண்டிச் சறுக்கும். அந்த நிமிஷத்துக்காகத்தான் ஜனங்கள் இதை வாங்குகிறார்கள்!

சும்மா கிடைத்ததில்லை இது. உள்ளே நாலு பேர் படுக்கலாம். நிமிர்ந்து நிற்க முடியாது. சாம்பார் கொதிக்க வைக்க இடம் தேடாதீர்கள். கண்ணாடி இழைக்கு நடுவே எடை குறைந்த பால்சா மரம் வைத்திருக்கிறார்கள். ஆணித் துளை வழியே தண்ணீர் கசிந்தால் மரம் ஊறி மக்கிவிடும். அதனால் பழைய படகு வாங்குகிறவர் முதலில் மேல்தளத்தைத் தட்டித்தான் பார்ப்பார்.

இனி முக்கியமான சங்கதி. அந்தப் பலூன் பாயோடு ஓடும்போது கட்டுப்பாடு தவறினால் படகு பக்கவாட்டில் படுத்துவிடும். கீல் அதை நிமிர்த்தும். ஆனால் உட்காருமிடத்துக்கு அடியில் உள்ள சாமான் பெட்டியின் மூடி திறந்திருந்தால்? தண்ணீர் உள்ளே புகும். அப்புறம் காப்பாற்ற வேண்டிய அதே ஈயம் படகைக் கீழே இழுக்கும். ஜே-24 படகுகள் சில இப்படி மூழ்கியும் இருக்கின்றன. நான் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது விடுமுறை நாட்களில் ஒரு நண்பரின் படகில் ஐந்தாவது ஆளாகப் போவேன். கரையை விடும் முன் ஒவ்வொரு மூடியின் கொக்கியையும் அவரே கையால் இழுத்துப் பார்ப்பார். "நேத்துத்தானே பார்த்தோம்?" என்றால், "இன்னிக்குத்தானே போறோம்?" என்பார். ஆயிரம் கணக்குப் போட்டுச் செய்த டிசைனும் கடைசியில் ஒரு கொக்கியில் தொங்குகிறது.

இன்னொன்று. 1979-ல் நியூபோர்ட்டில் முதல் உலகப் போட்டி நடந்த நாளிலிருந்து, எல்லாப் படகும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற விதியைக் காத்துவருகிறார்கள். கார்பன் பாய்மரம் போட்டு வேகத்தைக் கூட்ட முடியாதா? முடியும். கூட்டினால் பழைய படகு வைத்திருக்கும் குடும்பங்கள் கரையில் நிற்க வேண்டியதுதான். அதனால் கூட்டவில்லை. இன்றும் பழைய படகை நன்றாகப் பராமரித்தால் புதுசோடு மோதலாம்.

மாணவச் செல்வங்களே, நாளைக்கு நீங்கள் பம்ப்செட் டிசைன் செய்யலாம், சாஃப்ட்வேர் எழுதலாம். எல்லாமே வேண்டும் என்று வருகிறவரிடம், எது இல்லாமல் சமாளிப்பீர்கள் என்று முதலில் கேளுங்கள். ஜான்ஸ்டன் நிற்கும் உயரத்தை விட்டுக்கொடுத்தார், சமையலறையை விட்டுக்கொடுத்தார். வீட்டு ஆட்கள் பயமில்லாமல் கூட வருவதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் டிசைன் செய்தது அவர்களுக்காகத்தானே!

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். யாரும் தூங்கவில்லை என்று நம்புகிறேன்.