கேட்டுப் போனவங்க திரும்பி வரணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம்மகிட்ட இதுவரைக்கும் எத்தனை பேர் கணக்கெடுக்க வந்திருக்காங்கன்னு கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு கடன், வீட்டுக்காரர் குடிப்பாரா என்று எல்லாம் கேட்பார்கள். நாமும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பதில் சொல்வோம். போட்டோ எடுப்பார்கள். போனால் போனதுதான். நாம சொன்னது என்னாச்சு, யாருக்குப் பயன்பட்டுச்சு, ஒண்ணும் தெரியாது.

இதைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அதைச் செய்தவள்தான்.

சில வருஷத்துக்கு முன்னால், சதுரகிரி மலையடிவாரத்தில் ஒரு பளியர் குடியிருப்புக்கு, வெளியூர் ஆய்வுக்காரர்களுக்கு விவரம் சேகரிக்கப் போனேன். தேன் எங்கே எடுப்பீங்க, காய்ச்சலுக்கு எந்த வேர் என்று கேட்டேன். ஒரு அம்மா பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "போன தடவை வந்தவுகளும் இதத்தான் கேட்டாக தாயி. எழுதிக்கிட்டுப் போனத எங்களுக்கு வாசிச்சுக் காட்ட ஒருத்தரும் வரலையே" என்றார். என்னிடம் பதில் இல்லை. அவர் வைத்த கைநாட்டின் மை காயும் முன்னே கிளம்பிவிட்டேன். அவர் எதற்குக் கைநாட்டு வைத்தார் என்றுகூட நான் வாசித்துக் காட்டவில்லை.

அதுக்கப்புறம்தான் இதைப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சேன். அகத்தியமலையின் கேரளப் பக்கம், 1987-ல் விஞ்ஞானிகள் மலையேறினார்கள். வழிகாட்ட வந்த காணி மக்கள் ஒரு சின்னப் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன செடி என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அது அவர்கள் இனத்தின் ரகசியம். பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-ல் கோவை ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமை கொடுத்தது. உரிமைத் தொகை 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். இதில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அதற்காக 1997-ல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவானது.

அறிவைச் சொன்னவங்களுக்குப் பங்கு கொடுத்தாங்க. உலகமே பாராட்டிச்சு. ஆனாலும் ஒரு குறை நின்னுபோச்சு. ரகசியத்தைச் சொன்னது சிலர்தான். மற்ற குடியிருப்புகளை முன்கூட்டியே யாரும் கேட்கவில்லை. காணி வைத்தியர்கள் சிலர் எதிர்ப்பும் தெரிவித்தார்கள். குழுவில் ஒரே ஒரு உறுப்பினர் கையெழுத்துப் போட்டு மொத்தச் சேமிப்பையும் எடுத்தால் நாம் ஒத்துக்கொள்வோமா? அது போலத்தான் இதுவும்.

அமெரிக்காவில் ஹவாசுபாய் என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். 1990-களில் சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்கென்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தத்தை அவர்களுக்குத் தெரியாமல் மனநோய் பற்றியும், அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராயப் பயன்படுத்திவிட்டார்கள். 2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர், பல்கலைக்கழகக் கூட்டத்திலேயே எழுந்து, "இதற்கு அனுமதி வாங்கினீர்களா?" என்று கேட்டார். வழக்கு நடந்து, 2010-ல் 7 லட்சம் டாலர் இழப்பீடு கிடைத்தது. மிச்சமிருந்த ரத்தமும் திரும்பி வந்தது. ஒரு பொம்பள எழுந்து கேட்ட கேள்விதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள், 2017-ல் தங்களிடம் ஆய்வுக்கு வருபவர்களுக்குத் தாங்களே விதி எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, இந்த நாலும் இருந்தால்தான் ஆய்வு.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பாத்தியதை உண்டு. கடைசிக் காலத்தில் கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, 1929-30-ல் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தவர். விவசாயிகளின் வறுமையைக் கணக்கோடு எடுத்துச் சொல்லவே அந்த வேலையைச் செய்தார். அவர் வாழ்ந்த மண்ணில் இருக்கும் நாம், கணக்கெடுப்பை எப்படிச் செய்யணும்?

நம் கூட்டமைப்பின் தீர்மான நோட்டில் எழுத ஐந்து காரியங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, யார் கேட்கிறார்கள், எதற்கு என்பதை முதலில் அவர்களுக்குப் புரியும் பேச்சில் சொல்லணும். இரண்டு, "சொல்ல மாட்டேன்" என்பது அவர்கள் உரிமை. மறுத்தால் கடனோ உதவியோ நிற்காது என்று வாய்விட்டுச் சொல்லணும். நாம போனா, ரேஷன் கார்டு போயிருமோன்னு பயந்தே பலர் பதில் சொல்றாங்க. மூன்று, ஒருத்தரை மட்டும் மடக்கிக் கேட்காமல், பெரியவங்களும் பெண்களும் கூடிப் பேச நேரம் கொடுக்கணும். நான்கு, மூலிகை அறிவையோ போட்டோவையோ அனுமதியில்லாமல் வெளியில் கொடுக்கக் கூடாது. லாபம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதிக்கணும். ஐந்து, எழுதியதைத் திரும்பக் கொண்டுபோய் வாசித்துக் காட்டணும். தப்பு இருந்தால் அவர்கள் திருத்தணும்.

நம்மிடம் வருகிறவர்களிடமும் இதே ஐந்தையும் கேட்போம். கேட்க உரிமை உண்டு, பயப்பட வேண்டாம்.

அந்தப் படிவத்தின் நகல் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வரும் மாதம் அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன். ரொம்பத் தாமதம்தான். திட்டினால் வாங்கிக்கிறேன். ஆனா போகணும். என்கூட வர்றவங்க பேர் கொடுங்க.